ஒரே லாரி, இரண்டு ஆல்பங்கள்

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழுவிடம் ஒரு லாரி இருந்தது. உள்ளே ஏறினால் முழு ரெக்கார்டிங் ஸ்டுடியோவின் கட்டுப்பாட்டு அறை. மற்ற குழுக்களும் அதை வாடகைக்கு எடுத்துப் போவார்கள். 1971 ஜனவரியில் அது இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டு வாசலில் லெட் செப்பலின் என்ற ராக் குழுவுக்காக நின்றது. அதே வருஷம் டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோவில், டீப் பர்ப்பிள் என்ற இன்னொரு ராக் குழுவுக்காக. முதல் பயணத்தில் கிடைத்தது லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம். இரண்டாவதில் டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’.

இந்த இரண்டில் எது உசத்தி என்ற சண்டை எப்போதும் பாடகர்களில் செப்பலினின் ராபர்ட் பிளாண்டா, பர்ப்பிளின் இயன் கில்லனா, கிட்டாரில் செப்பலினின் ஜிம்மி பேஜா, பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோரா என்றே போகிறது. எனக்கு அதில் திருப்தி இல்லை. இரண்டு குழுக்களும் ஸ்டுடியோவை விட்டுவிட்டு ஒரு கட்டடத்துக்குள் போய் வாசித்தவர்கள். அந்தக் கட்டடத்தை யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ஹெட்லி கிரேஞ்ச் 1795-ல் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியாகக் கட்டப்பட்டது. குளிர், ஈரம், உயரமான மாடிப்படிக் கூடம். ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்காக செப்பலினின் டிரம்மர் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை அந்தக் கூடத்தின் அடியில் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் வைக்கவில்லை. மேல் மாடியிலிருந்து இரண்டே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். கோயில் கல் மண்டபத்தில் தவில் கேட்டவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. அடி விழுந்த இடத்தில் ஒரு சத்தம், தூணிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும்போது வேறு சத்தம். பாட்டின் முதல் சில நொடிகளை ஹெட்போனில் தனியாகக் கேளுங்கள். கிட்டார் இல்லை, குரல் இல்லை, டிரம்ஸ் மட்டும். ஒவ்வொரு அடிக்கும் பின்னால் அந்தப் படிக்கட்டின் உயரம் காதில் விழுகிறது.

மூலப் பாட்டு, புளூஸ் பாடகர்கள் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929-ல் பதிவு செய்தது. 1927-ல் மிசிசிப்பி ஆறு கரை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளத்தைப் பற்றியது. செப்பலின் அதை ஏழு நிமிஷம் நீட்டி, பதிவான நாடாவின் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் ஏறுவதுபோல ஆக்கிவிட்டார்கள். இந்த ஒரு பாட்டுக்கு ஈடாக மெஷின் ஹெட்டில் எதுவும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஆல்பம் என்பது ஒரு பாட்டு அல்லவே. ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பதிவானது லண்டன் ஐலண்ட் ஸ்டுடியோவில். ‘தி பேட்டில் ஆஃப் எவர்மோர்’ மாண்டலினும் பாடகி சாண்டி டென்னியின் குரலுமாக வேறு உலகம். ‘ராக் அண்ட் ரோல்’ பாட்டில் பியானோ வாசிப்பவர் இயன் ஸ்டூவர்ட். எல்லாம் அழகு. ஆனால் பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு அறைக்குள் போய் வருவதுபோல இருக்கிறது. அந்த விஸ்தாரம்தான் பலருக்குப் பிடித்தது. எனக்கு அதுவே ஒரு குறை.

மாந்த்ரோவுக்கு வருவோம். டீப் பர்ப்பிள் பதிவு செய்ய நினைத்திருந்த இடம் அங்கிருந்த கேசினோ. 1971 டிசம்பர் 4-ம் தேதி அங்கே அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. பார்வையாளர் ஒருவர் கூரையை நோக்கித் தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடமே எரிந்துபோனது. புகை பக்கத்திலிருந்த ஜெனீவா ஏரியின் மேல் படர்ந்ததை பர்ப்பிள் குழுவினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது குழுவின் பேஸ் கிட்டார் வாசிப்பவரான ரோஜர் குளோவர் வாயில் வந்த வார்த்தைகள்தான் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’. மாற்றாகக் கிடைத்த பெவிலியன் அரங்கில் அந்த ஒரு பாட்டின் வாத்தியப் பகுதியைப் பதிவு செய்வதற்குள் அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் புகார் செய்து போலீஸ் வந்துவிட்டது. கடைசியில் குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். அதன் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாத்தி எதிரொலியை அடக்கி வாசித்தார்கள். லாரிக்குப் போய் வாசித்ததைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளைத் தாண்டி, பால்கனி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். அலுத்துப்போய், போய்க் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

மெஷின் ஹெட்டின் பலம் இங்கேதான் இருக்கிறது. செப்பலின் வீட்டையும் ஒரு வாத்தியமாக்கினார்கள். பர்ப்பிள் ஹோட்டலின் சத்தத்தை மெத்தையால் மூடிவிட்டு, ஐந்து பேரை மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் அந்த ஐவரையும் காதுக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்மோர் இரண்டு தந்திகளை விரலால் சேர்த்து மீட்டுகிறார். முதலில் கிட்டார் தனியாக. பிறகு டிரம்மர் இயன் பெய்ஸின் ஹை-ஹாட், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டுகள். அதற்குப் பிறகு பேஸ் கிட்டார். எல்லோரும் வாசிக்கத் தெரிந்த மெட்டு என்று அலட்சியமாகக் கடந்து போகிறவர்கள், ஒவ்வொருவராக உள்ளே வரும் அந்த ஒழுங்கைக் கவனிப்பதில்லை.

பர்ப்பிளின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்டு இல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்பிளிஃபயரில் மாட்டி, கிட்டாருக்குச் சமமாக உறும வைத்தவர். ‘ஹைவே ஸ்டார்’ பாட்டில் முதல் தனி ஆவர்த்தனம் அவருடையது, பிளாக்மோருடையது பிறகுதான். ‘லேஸி’யில் ஆர்கனைக் கிழித்துக்கொண்டு தொடங்குவதும் அவரே. கிட்டாரும் கீபோர்டும் இப்படிப் போட்டி போட்டுக்கொண்டு வாசிப்பது செப்பலினில் கிடையாது. அங்கே பேஸும் கீபோர்டும் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் மகா திறமைசாலி, ஆனால் அவர் பின்னால் நின்று தாங்குகிறவர்.

இரண்டிலும் தொய்வான பாட்டு ஒவ்வொன்று உண்டு. செப்பலினின் ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’, பான்ஹாம் கைக்கு இரண்டாக நான்கு குச்சிகளோடு வாசித்தும் எனக்குள் இறங்கவில்லை. மெஷின் ஹெட்டில் ‘நெவர் பிஃபோர்’. அதைத்தான் ஆல்பத்திலிருந்து முதல் சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக, வெளியிட்டார்கள் என்பது இன்றும் ஆறாத வருத்தம். அந்த சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்தது ‘வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்’. அதே மாந்த்ரோவில் பதிவாகி, ஆல்பத்தில் சேர்க்காமல் விடப்பட்ட பாட்டு. கில்லன் கத்தாமல், மூச்சை அடக்கிப் பாடுகிறார். பிளாக்மோர் அவருக்குப் பின்னால் மெதுவாக அழுகிறார். என் பிளேலிஸ்ட்டில் ‘நெவர் பிஃபோர்’ இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறேன். ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ முடிந்து அது தொடங்கும்போது செப்பலின் ரசிகர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.