ஐந்து குளிர்காலங்கள்: நாற்று விரிப்பும் விளக்கும்

கடைசி உறைபனி மே மாத நடுவில்தான் விலகும் வடபகுதியில் மிளகாயும் கத்தரியும் காய்க்க வேண்டுமானால், பாத்திகள் பனிக்கு அடியில் கிடக்கும்போதே வீட்டுக்குள் விதைத்தாக வேண்டும். அதற்காக வாங்கிய, விதைத்தட்டின் அடியில் வைத்து மண்ணைச் சூடேற்றும் மின் விரிப்பையும் எல்.இ.டி. விளக்கையும் ஐந்து குளிர்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

விரிப்பின் பயன் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. 15 டிகிரி செல்சியஸ் மண்ணில் முளைக்க ஏறக்குறைய 25 நாட்கள் எடுத்துக்கொள்ளும் மிளகாய் விதை, 25 டிகிரியில் எட்டு நாட்களில் தலைகாட்டுகிறது. ஆனால் நான் வாங்கியது அறையின் வெப்பத்தோடு சில டிகிரிகளைக் கூட்டுமே தவிர, வேண்டிய அளவில் தானாக நிற்காது. முதல் ஆண்டு அதைக் கணப்புக்கு அருகில் வைத்ததால், குழித்தட்டின் அடிமண் காய்ந்து ஒரு தட்டு விதை முழுவதும் வீணானது. மண்ணில் செருகும் உணர்முனை கொண்ட தெர்மோஸ்டாட்டைச் சேர்த்த பிறகே நிம்மதி. அது இல்லாமல் விரிப்பை வாங்க வேண்டாம் என்பேன்.

இருந்தும், இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு விளக்கையே சொல்வேன். பிப்ரவரி மாதத்துத் தாழ்ந்த வெயிலை நம்பித் தெற்குச் சன்னலில் வைத்த நாற்றுகள், ஒளியைத் தேடி நூல்போல நீண்டு, இரண்டாம் இலை விடும் முன்பே சாய்ந்தன. இப்போது டைமர் பொருத்தி நாள்தோறும் 16 மணி நேரம் எரியவிட்டு, நாற்று வளர வளர விளக்கை உயர்த்தி, நுனிக்கும் விளக்குக்கும் இடையே ஒரு சாண் இருக்குமாறு பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலான விதைகள் முளைத்தவுடன் தட்டை விரிப்பிலிருந்து எடுத்துவிடுவது முக்கியம், ஏனெனில் வெப்பம் மிகுந்து ஒளி குறைந்தால் தண்டு மெலிந்துதான் நீளும். மேல்மண் எப்போதும் ஈரமாக இருந்தால் நாற்றழுகல் வந்துவிடும் என்பதால், நீரைத் தட்டின் அடியிலிருந்தே ஊட்டுகிறேன்.

கருவிகள் கைக்கு வந்ததும் ஏற்பட்ட அவசரத்தில், இரண்டாம் ஆண்டு தக்காளியை ஜனவரியிலேயே விதைத்தேன். ஏப்ரலில் அவை சிறு தொட்டிகளில் வேர் சுருண்டு பூத்து நிற்க, வெளியே மண் இன்னும் இறுகியே கிடந்தது. இப்போது கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, மிளகாய்க்குப் பத்து வாரமும் தக்காளிக்கு ஏழு வாரமும் விட்டு விதைக்கிறேன். வெளியே நடுவதற்கு முன் பத்து நாட்கள், முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காற்றிலும் வெயிலிலும் சற்றுக் கூடுதலாக என்று பழக்குகிறேன். விளக்கடியில் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடுகிறது.