சமதள ரெயிலா, 20 எம்ஓஏ சாய்வு ரெயிலா?

ரெமிங்டன் 700 ரைஃபிளை 1000 கெஜச் சுடுதலுக்குத் தயார் செய்கிறவர்கள் ஸ்கோப்பை முடிவு செய்ததும் அடுத்து தடுமாறுவது ரெயிலில்தான், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியின் மேல் பிடித்து நிறுத்தும் பள்ளம் வெட்டிய பட்டையில். ஒரே கம்பெனியிலேயே சமதள ரெயிலும் இருக்கும், 20 எம்ஓஏ (ஒரு கோண அளவு, விளக்கம் கீழே) சாய்வு ரெயிலும் இருக்கும். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது, கையில் எடுத்துப் பார்த்தாலும் எது எது என்று தெரியாது. என் .308 காலிபர் ரைஃபிளுக்கு நான் 20 எம்ஓஏ ரெயில்தான் போட்டேன். அந்தப் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சமதளம் யாருக்குப் போதும் என்பதை முதலில் முடித்துவிடுவோம். 300 கெஜத்துக்குள் மான் வேட்டையாடுபவருக்கு அதுவே தாராளம். 100 கெஜத்தில் ஜீரோ செய்த (குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) .308-க்கு 300 கெஜத்தில் ஏற்ற வேண்டியது சுமார் 5 எம்ஓஏ. எந்த ஸ்கோப்பிலும் அதற்கு இடம் இருக்கும். பிக்காட்டினியா வீவரா (இரண்டும் ரெயில் வகைகள்) என்ற பழைய சண்டைக்கும் இங்கே வேலையில்லை. பிக்காட்டினியின் பள்ளம் 0.206 அங்குலம், வீவருடையது 0.180. வீவர் ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும், பிக்காட்டினி ரிங் வீவரில் உட்காராது. புதிதாக வாங்குகிறவர் பிக்காட்டினி வாங்கினால் போதும்.

இனி கணக்கு. ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது 1.047 அங்குலம், 1000 கெஜத்தில் ஏறக்குறைய பத்தரை அங்குலம். 175 கிரெய்ன் எடையுள்ள .308 தோட்டா நொடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்பினால், 100 கெஜ ஜீரோவிலிருந்து 1000 கெஜம் போக 38 எம்ஓஏ வரை ஏற்ற வேண்டும். நியூ மெக்சிகோவின் ராட்டன் போல 6,000 அடிக்கு மேலே இருக்கும் மைதானத்தில் காற்று மெலிந்திருப்பதால் சில எம்ஓஏ குறையும். ஒஹாயோவின் கேம்ப் பெரி ஏரிக்கரையில் அந்தச் சலுகை கிடையாது. எஃப்-டிஆர் என்ற நெடுந்தூரப் போட்டிப் பிரிவில் .308-ம் .223-ம் மட்டுமே அனுமதி என்பதால், தட்டையாகப் பறக்கும் 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு மாறித் தப்பிக்கவும் வழியில்லை.

ஸ்கோப்பின் பெட்டியில் 'மொத்த உயரத் திருத்தம் 60 எம்ஓஏ' என்று போட்டிருக்கும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். 60-ல் பாதி நடுவுக்குக் கீழே, பாதி மேலே. சமதள ரெயிலில் 100 கெஜ ஜீரோவுக்கே நடுவிலிருந்து 4 எம்ஓஏ போல ஏற்ற வேண்டியிருக்கும். ஸ்கோப் பேரலுக்கு மேலே இருப்பதற்கும் அந்தத் தூரத்தில் தோட்டா விழுவதற்கும் சேர்த்து ஆகிற செலவு அது. மிச்சம் 26. தேவை 38. டரட் (ஸ்கோப்பின் திருத்தக் குமிழ்) 700 கெஜத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முட்டி நின்றுவிடும். கீழ்ப்பாதியில் 30 எம்ஓஏ எதற்கும் பயன்படாமல் அப்படியே கிடக்கும்.

20 எம்ஓஏ ரெயில் அந்தக் கீழ்ப்பாதியை வேலைக்கு இழுக்கிறது. ரெயிலின் பின்பக்கம் சற்று உயரம். 5 அங்குல நீளத்துக்கு வெறும் 0.74 மில்லிமீட்டர். ஸ்கோப் மூக்கைக் கொஞ்சம் கவிழ்த்தபடி உட்காரும், அதனால் 100 கெஜ ஜீரோ நடுவுக்கு 16 எம்ஓஏ கீழே விழும். அங்கிருந்து 38 ஏற்றினால் நடுவுக்கு 22 மேலே நிற்போம். உச்சி 30. இன்னும் 8 கையில். 'சாய்வு ரெயில் போட்டால் 100 கெஜத்தில் ஜீரோ பண்ண முடியாது' என்று ரேஞ்சில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

இதோடு போயிருந்தால் 8 எம்ஓஏ மிச்சத்துக்கு இத்தனை வக்காலத்து வாங்கமாட்டேன். என்னை முடிவெடுக்க வைத்தது காற்று. ஸ்கோப்புக்குள் திருத்தக் குழாய் ஒரு வட்டத்துக்குள் அசைகிறது. நடுவில் இருக்கும்போது இடம் வலம் நிறையப் போகலாம். உச்சிக்குப் போகப் போகப் பக்கவாட்டு இடம் சுருங்கிக்கொண்டே வந்து, உச்சியில் சுத்தமாக இல்லாமல் போகும். மணிக்கு 10 மைல் வேகத்தில் நேர்ப் பக்கக் காற்று அடித்தால், 1000 கெஜத்தில் மேலே சொன்ன தோட்டாவுக்கு 9, 10 எம்ஓஏ பக்கவாட்டில் வைக்க வேண்டும். 30 எம்ஓஏ ஆரமுள்ள வட்டத்தில் 22 உயரத்தில் நின்றால், வடிவக் கணக்குப்படி இருபுறமும் 20 எம்ஓஏ இடம் இருக்கிறது. உள்ளே ஸ்பிரிங்கும் மற்ற உறுப்புகளும் கொஞ்சம் இடத்தைத் தின்னும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையும், அப்படியும் 10-க்குப் பஞ்சம் வராது. 29 உயரத்தில் நின்றிருந்தால் அதே கணக்கு 8-க்கும் குறைவாகத்தான் தரும். டரட் மேலே திரும்புகிறது என்பதை மட்டும் பார்த்து ரெயிலைத் தேர்ந்தெடுப்பவர்கள், காற்று எழும்பும் நாளில்தான் பக்க டரட் பாதியில் முட்டுவதைப் பார்ப்பார்கள்.

அப்படியானால் 40 எம்ஓஏ இன்னும் நல்லதா? 60 எம்ஓஏ ஸ்கோப்பில் அது ஆகாது. ஜீரோ நடுவுக்கு 36 கீழே போக வேண்டும், தரையோ 30-லேயே வந்துவிடும். 80 எம்ஓஏ ஸ்கோப்பில் நெருக்கிப் பிடித்து 100 கெஜத்தில் ஜீரோ செய்யலாம். 600-க்குக் குறைந்து சுடுவதே இல்லை என்பவருக்கு அது பொருந்தும். எதிர்ப்பக்கம், 34 மில்லிமீட்டர் குழாயும் 120 எம்ஓஏ திருத்தமும் உள்ள பெரிய ஸ்கோப் வைத்திருப்பவருக்குச் சமதள ரெயிலிலேயே 1000 கெஜம் கிடைத்துவிடும், காற்றுக்கும் இடம் மிஞ்சும். ஆகவே ஸ்கோப்பின் எண்ணைத் தெரிந்துகொண்டு ரெயிலுக்குப் போங்கள். சாதாரண 30 மில்லிமீட்டர் ஸ்கோப் வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு அந்த எண் 20-ல்தான் கொண்டுவந்து விடும். ருகர் 2015-ல் விட்ட பிரிசிஷன் ரைஃபிளில் கம்பெனியே 20 எம்ஓஏ ரெயில் போட்டுக் கொடுத்ததும் சும்மா இல்லை. ஸ்கோப்பை மாற்றினாலும், ரைஃபிளை விற்றாலும், நெடுந்தூரக்காரர்கள் இதைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

எஃகா அலுமினியமா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. நல்ல அலுமினிய ரெயில் .308-ன் உதையைத் தாங்கும், எடையும் குறைவு. மேக்னம் ரைஃபிள்களில் எஃகுதான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் உண்டு. மேக்னத்தில் எனக்குப் பழக்கம் குறைவு, அவர்களோடு வாதாட மாட்டேன்.

மாட்டும் வேலையில் என் நேரம் முழுக்கப் போனது ரெயில் ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதியில்) ஒட்டி உட்கார்கிறதா என்று பார்ப்பதில். அறை காலியா என்று பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, ரெயிலை வைத்து முன் ஸ்க்ரூக்களை மட்டும் லேசாக இறுக்குங்கள். பின்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா? பிறகு பின் ஸ்க்ரூக்களை மட்டும் இறுக்கி முன்பக்கம் பாருங்கள். 20 எம்ஓஏ என்பதே முக்கால் மில்லிமீட்டர் சங்கதி என்றால், 0.1 மில்லிமீட்டர் இடைவெளியும் இரண்டரை எம்ஓஏ-க்கு மேல் கோணத்தைக் கெடுக்கும். கெட்ட கோணத்தை டரட்டில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கும்போது ரெயில் வளையும், இரண்டு ரிங்கும் ஒரே கோட்டில் நிற்காது, ஸ்கோப் குழாயில் கடித்த தழும்பு விழும். இடைவெளி இருந்தால் எபாக்சி வைத்து நிரப்புவதுதான் வழி. ரிசீவரின் மேல் ஒட்டாப் பூச்சைத் தடவி, ஸ்க்ரூ ஓட்டைகளில் களிமண் அடைத்து, எபாக்சி இறுகும்வரை ரெயிலை வளைக்காமல் விட வேண்டும். ஒட்டாப் பூச்சில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் ஸ்க்ரூ. ரெமிங்டன் 700-ல் வருவது 6-48 மரை, சன்னமானது. எண்ணெயை அசிட்டோனில் துடைத்து, நீல லாக்டைட் (மரைப் பசை) ஒரு துளி விட்டு, 15 முதல் 20 இன்ச்-பவுண்டுக்குள் நிறுத்திவிடலாம். 8-40 என்ற பருத்த ஸ்க்ரூவுக்கு ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தால் 25 வரை போகலாம். ரெயிலோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அந்தத் தாளைக் கேளுங்கள். இறுக்கியதும் போல்ட்டைப் போட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். எங்காவது உரசினால் ஸ்க்ரூ நீளம் அதிகம். முன் ஸ்க்ரூ நீளமாக இருந்தால் பேரல் மரையில் முட்டி நின்றுவிட்டு, ரெயில் இறுகிவிட்டது என்று பொய் சொல்லும்.

ரிங்குகளைப் பள்ளத்தில் வைத்து முன்னோக்கித் தள்ளிப் பிடித்தபடி இறுக்குங்கள். உதைக்கும்போது ரைஃபிள் பின்னால் ஓடும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் ரிங்கின் கட்டை ஏற்கெனவே முன்சுவரில் முட்டியிருந்தால் நகர இடமிருக்காது.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. சமதள ரெயிலை அப்படியே வைத்துக்கொண்டு பர்ரிஸ் சிக்னேச்சர் ரிங்குகளைப் போடலாம். உள்ளே இருக்கும் பாலிமர் வளையங்களை மாற்றிப் போட்டே 20 எம்ஓஏ சாய்வு வாங்கலாம், ஸ்கோப்பிலும் தழும்பு விழாது. ஒரு நண்பரின் .22-ல் அவற்றைப் பார்த்திருக்கிறேன், அங்கே குறையில்லாமல் நிற்கின்றன. .22-க்கு உதையே கிடையாது என்பதால், .308-ல் பல வருடம் அடிவாங்கினால் எப்படியிருக்கும் என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்க மாட்டேன். சமதள ரெயில் ஏற்கெனவே எபாக்சியில் அருமையாக உட்கார்ந்திருந்தால், அதைப் பிடுங்குவதற்கு முன் இந்த ரிங்குகளைப் போட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.