பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பும் நீச்சல்குளமும் உள்ள பண்ணை வீடு வாங்க நினைப்போர் கவனத்திற்கு

"மூன்று ஏக்கர் பலா, முந்திரித் தோப்பு, நீச்சல்குளம், மாடி வீடு, தெளிவான பத்திரம்" என்ற விளம்பரத்தோடு கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில் விற்பனைக்கு வந்த ஒரு பண்ணை வீட்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்து, அது இன்றுவரை திரும்பாத நிலையில் இதை எழுதுகிறேன்.

தரகர் காட்டிய முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் குறை ஏதும் இல்லை, மூலப்பத்திரமும் இருந்தது. பட்டா மட்டும் இரண்டு ஏக்கர் பத்து சென்ட்டுக்கே இருந்ததைக் கேட்டபோது, மீதி நிலத்துக்கு மனு கொடுத்திருப்பதாகவும் கிரயத்துக்குள் பட்டா வந்துவிடும் என்றும் உரிமையாளரே உறுதி கூறினார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தருவதாகச் சொன்னவர்கள், பணம் வங்கியில் ஏறியதும் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

உரிமம் பெற்ற நில அளவையர் ஒருவரை அழைத்துச் சென்று, நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை வைத்து அளந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வேலியோரம் எங்கும் கிடைக்காத தென்மேற்கு எல்லைக்கல், வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளுக்கு அடியில், தலை உடைக்கப்பட்டு, மண்ணில் புதைந்து கிடந்தது. அந்தக் கல்லுக்கு அப்பாலுள்ள நீச்சல்குளம் முழுவதும், அதை ஒட்டிய பலா வரிசைகளும், ஒவ்வொரு நிலமும் எந்த வகை என்று காட்டும் வருவாய்த்துறையின் கிராம 'அ' பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியுள்ள புல எண்ணில் (சர்வே எண்ணில்) இருக்கின்றன. கெடிலம் ஆற்றுக்கு மழைநீர் கொண்டுபோகும் ஓடையை மண் கொட்டித் தூர்த்துத்தான் அந்த மூன்று ஏக்கரை உண்டாக்கியிருக்கிறார்கள்.

ஓடைப் புறம்போக்கு அரசு நிலம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பாளரை வெளியேற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும் என்பதால், பத்திரமே இல்லாத அரசு நிலத்தை வேலிக்குள் வளைத்திருப்பது அதில் தெரியவே தெரியாது. 2015 நவம்பர் மழையில் இதே வட்டத்தில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் பகுதிகளில் ஓடை வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனதை மாவட்டமே அறியும். அப்படியிருந்தும் ஓடையின் மேல் குளம் கட்டி, அதில் குழந்தைகள் விளையாடும் படத்தைப் போட்டு விற்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மற்றவையும் பொய்தான். ஐம்பது ஆண்டுப் பலா என்றார்கள். பழைய மரங்கள் 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் சாய்ந்துவிட்டன என்றும், இவை அதன்பின் வைத்த கன்றுகள் என்றும் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னார். குளத்துக்குத் தண்ணீர் ஏற்றுவதோ விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பில் ஓடும் மோட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கிரயம் செய்யத் தவறியது வாங்கவந்த நாங்கள்தான் என்று அவர்களிடமிருந்து பதில் வந்தது. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியுள்ளோம். காவல்துறையிலும் புகார் கொடுத்துள்ளோம்.

இதற்கிடையில் அதே படங்களுடன், அதே மூன்று ஏக்கர் கணக்குடன், வேறொரு தரகர் புதுச்சேரிக்காரர்களிடம் பேசி வருகிறார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தோப்பு வீடு பார்ப்பவர்கள், முன்பணம் பேசும் முன்பே புல எண்ணைக் கேட்டு வாங்கி, அதனையும் அதை ஒட்டியுள்ள எண்களையும் அரசின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டு, அளவையரை வைத்துக் கல்லுக்குக் கல் அளந்துவிடுங்கள். எங்களிடம் உள்ள புலப்படத்தின் நகலைப் பார்க்க விரும்புவோருக்குத் தனியாகக் காட்டத் தயாராக இருக்கிறேன்.