பெரியமேட்டில் கஃபு ஜெர்சி: பிரின்டிங் எப்படி, எதைக் கேட்டு வாங்க வேண்டும்

பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடைகளில் நெய்மர் 10 கேட்டால் ஹேங்கரிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பிரேசிலின் பழைய கேப்டன், வலது பக்க டிஃபென்டர் கஃபுவின் 2 கேட்டால் பிளேன் ஜெர்சியை எடுத்து விரித்து, எழுத்தை வெட்டி, ஹீட் பிரஸ் சூடாகும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். டிஃபென்டர் பெயரில் ரெடிமேட் சரக்கு வருவது அபூர்வம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியில் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டு, சென்னையின் எஃப்.சி.க்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பிரேசில்காரர் மெய்ல்சன் ஆல்வெஸின் பெயர் வேண்டுமென்றாலும் ஆர்டர்தான். கோல் தடுப்பவர்களை நேசிக்கிறவர்களுக்கு பிரின்டிங் கடையை விட்டால் வேறு வழியில்லை.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய இந்தக் கடைகளில் கைவேலை நன்றாக இருக்கிறது. எண் நேராக உட்காருகிறது, ஓரம் சுத்தமாக வெட்டப்படுகிறது, சொன்ன நேரத்துக்குக் கையில் கிடைக்கிறது. ஆனால் எந்த வருடத்துச் சட்டையில் என்ன எண், எத்தனை நட்சத்திரம் என்று அவர்கள் பார்ப்பதில்லை. நாம் சொன்னதை அப்படியே அடித்துத் தருவார்கள். ஆகவே கஃபுவின் வரலாற்றை வாங்குகிறவர்தான் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அதிகம் தப்புவது நட்சத்திரத்தில். 2002 ஜூன் 30, யோகோஹாமா. ஜெர்மனியை 2-0 என்று வென்ற அந்த உலகக் கோப்பை இறுதியில் பிரேசில் சட்டையின் முத்திரைக்கு மேல் இருந்தவை, வென்ற கோப்பைக்கு ஒன்றாக, நான்கே நட்சத்திரங்கள்: 1958, 1962, 1970, 1994. ஐந்தாவது அன்றைய வெற்றிக்குப் பிறகு சேர்ந்தது. கடைகளில் தொங்கும் மஞ்சள் சட்டை பெரும்பாலும் ஐந்து நட்சத்திரத்தோடு வருகிறது. அதன்மேல் 2002 என்று பெயர் வைத்து கஃபு அடித்தால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். எம்பிராய்டரி முத்திரையைப் பிரித்துவிட்டு வேறு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாலியஸ்டரில் ஊசி ஓட்டை மறையாது. முத்திரையே இல்லாத மஞ்சள் பிளேனை எடுத்து, நான்கு நட்சத்திர பேட்ச்சைத் தனியாக ஒட்டச் சொல்வதே சரி.

அடுத்தது எண். கஃபு என்றால் 2 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. 1994 உலகக் கோப்பையில் 2 ஜோர்ஜின்யோவிடம் இருந்தது. கஃபு போட்டது 14. ஜூலை 17 அன்று பாசடீனாவில் நடந்த இறுதியின் முதல் பாதியில் ஜோர்ஜின்யோ அடிபட்டு வெளியேற, அந்த 14 உள்ளே வந்து ஆட்டம் முடியும்வரை வலது பக்கத்தைக் காத்தது. அம்ப்ரோ தைத்த சட்டை, மூன்று நட்சத்திரம். பிரான்சிடம் 0-3 என்று தோற்ற 1998 இறுதியில் நைக் சட்டை, எண் 2, நான்கு நட்சத்திரம். மூன்று உலகக் கோப்பை இறுதிகளில் தொடர்ந்து ஆடியவர் அவர் ஒருவரே. நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 142. ரோமா, மிலான் என்ற இத்தாலிய கிளப்களிலும் 2-தான். சாவோ பாலோ கிளப்போடு 1992, 1993 லிபெர்டடோரெஸ் (தென் அமெரிக்க கிளப்களுக்கான) கோப்பைகளை வென்ற காலத்துச் சட்டை வேண்டுமென்றால் முதுகில் பெயரே அடிக்கக் கூடாது, அப்போது அங்கே அந்த வழக்கம் இல்லை.

மிலான் சட்டை கேட்பவர்கள் ஸ்பான்சரையும் பார்க்க வேண்டும். கஃபு அங்கிருந்த 2003 முதல் 2008 வரையான ஐந்து சீசன்களில் முதல் மூன்றுக்கு ஓப்பெல், பிறகு பிவின். லிவர்பூலிடம் பெனால்ட்டியில் கை நழுவிய 2005 சாம்பியன்ஸ் லீக் இஸ்தான்புல் இறுதியில் மிலான் வெள்ளை உடுப்பில் ஆடியது. சிவப்பு கறுப்புப் பட்டையில் 'இஸ்தான்புல்' என்று அடித்துக் கேட்பது தவறு.

இனி பிரின்டிங். கடைகளில் மூன்று வகை உண்டு: வினைல் (நிறத் தாளை வெட்டிச் சூட்டில் ஒட்டுவது), டி.டி.எஃப். (படலத்தில் அச்சடித்துத் துணிக்கு மாற்றுவது), சப்ளிமேஷன் (மையை ஆவியாக்கித் துணியிலேயே ஏற்றுவது). ஒற்றை ஜெர்சிக்கு வினைல்தான் எங்கள் தேர்வு. ஒரே நிறத்தில் பச்சை எண், நான்கே எழுத்துப் பெயர் (CAFU), இதற்கு டி.டி.எஃப். தேவையில்லை. பி.யு. (பாலியூரித்தேன்) வினைலுக்கு 150 டிகிரி செல்சியஸ் சூடு, பத்திலிருந்து பதினைந்து நொடி அழுத்தம் போதும். சூட்டை ஏற்றி வேலையைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தால் எண்ணைச் சுற்றி பளபளவென்று சதுரத் தடம் விழும். பாலியஸ்டர் நூல் நசுங்குவதால் வரும் தடம் அது, துவைத்தாலும் போகாது. வாங்கும்போது சட்டையை ட்யூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

பெரியவர் சட்டைக்கு முதுகு எண் 25 செ.மீ. உயரம், உலகக் கோப்பைச் சட்டை என்றால் முன்பக்க எண் 10 செ.மீ., பெயர் எழுத்து 5 முதல் 7.5 செ.மீ. இந்த அளவைச் சொல்லியே கொடுங்கள். கஃபு பெயரில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு எழுத்து மட்டும் என்பதால் முதுகு காலியாகத் தெரிகிறதே என்று ஆபரேட்டர் எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலப்படுத்திவிடுவார். எழுத்து குட்டையாகப் பருத்துப் போய், பார்க்க பேனர் மாதிரி ஆகிவிடும். இழுக்காமல் நடுவில் விடச் சொல்லுங்கள், இரு பக்கமும் வெற்றிடம் இருப்பதுதான் அழகு. எண்ணின் வடிவத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்த மங்கல் படத்தைக் காட்டினால் அவர்களிடம் இருக்கும் ஏதோ ஒரு எழுத்துருவில்தான் வெட்டுவார்கள். கோரல் டிராவில் திறக்கும் வெக்டர் ஃபைல் கொண்டுபோனால் அச்சு அசலாக வரும்.

மஞ்சளில் பச்சை அடிப்பதில் ஆபத்து குறைவு. ரோமா, மிலான் சட்டைகளில்தான் வம்பு. சிவப்புப் பாலியஸ்டரில் வெள்ளை எண் அடித்தால், சூட்டில் துணிச் சாயம் ஆவியாகி வினைலுக்குள் ஏறும். கடையில் வாங்கும்போது பால் வெள்ளையாக இருக்கும் எண், நாள் போகப் போக ரோஸ் நிறமாக மாறும். இதற்கென்றே சாயத்தைத் தடுக்கும் அடுக்கு வைத்த பிளாக்-அவுட் வினைல் இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். அது கடையில் இல்லையென்றால் சிவப்புச் சட்டையை அங்கே கொடுக்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.

1994 சட்டைக்கு மட்டும் சப்ளிமேஷன். துணியோடு துணியாக முத்திரையின் நிழலுருவம் பெரிதாகத் தெரியும் சட்டை அது, வினைலில் அதைக் கொண்டுவர முடியாது. வெள்ளை பாலியஸ்டரை முதலில் துண்டு துண்டாக வெட்டி, 200 டிகிரியில் ஒரு நிமிடம் போல அழுத்திப் பிறகு தைக்க வேண்டும். தைத்து முடித்த சட்டையிலேயே அடித்துத் தருகிறோம் என்றால் அக்குளிலும் தோள் தையலிலும் மை எட்டாமல் வெள்ளைக் கோடு நிற்கும். ஒரே ஒரு சட்டைக்கு இந்த வேலையைப் பலர் எடுக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து போவது நல்லது.

2002 சட்டை வாங்குகிறவர்கள் மிகவும் ஆசைப்படுவது கேப்டன் கஃபு கோப்பையைத் தூக்கியபோது சட்டையில் இருந்த '100% ஜார்டிம் இரேனே' என்ற வாசகம். சாவோ பாலோவில் அவர் வளர்ந்த ஏழைப் பகுதியின் பெயர் அது. பீடத்தின் மேல் ஏறி நின்று, உலகமே பார்க்கத் தன் பேட்டையை முன்வைத்த மனிதர். வடசென்னை வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வாசகம் கையெழுத்தில் இருந்தது. கடையில் கொடுத்தால் கம்ப்யூட்டர் எழுத்தில் சீராக அடித்து அதன் உயிரையே எடுத்துவிடுவார்கள். கையெழுத்தை டிரேஸ் செய்து வினைலில் வெட்டினாலும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான கோடுகள் சில துவைப்பிலேயே எழும்பிவிடும். துணி மார்க்கரால் கையாலேயே எழுதுவது மேல். பாலியஸ்டரில் மை ஊறிப் பரவும் என்பதால் கீழ் மடிப்பின் உள்பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சட்டைக்குள் அட்டை வைத்தால் பின்பக்கம் இறங்காது.

பிளேனுக்குத் துணி புள்ளி புள்ளியாகப் பின்னிய 'டாட் நிட்' கேளுங்கள். சென்னை வெயிலில் 140 முதல் 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) உடம்புக்கு இதமாக இருக்கும். அதற்கும் மெல்லிசான துணியில் 25 செ.மீ. வினைல் எண் பலகை போல விறைத்துக்கொண்டு நிற்கும்.

வாங்கியபின் முதல் 24 மணி நேரம் துவைக்க வேண்டாம். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் அலசி, மொட்டை மாடியாக இருந்தாலும் நிழலில் காயப்போடுங்கள். இஸ்திரி பெட்டி எண்ணின் மேல் படவே கூடாது. மேட்ச் முடிந்து வேர்வையோடு மடித்து பைக் சீட்டுக்கு அடியில் திணிக்கிறவர்கள் அதிகம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஏறும் சூட்டில் முன் எண்ணும் முதுகு எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது இரண்டும் உரியும். அப்படிக் கொண்டுபோவதானால் நடுவில் ஒரு பழைய துணியை வைத்து மடியுங்கள். 2 எண்ணின் அடிக்கோட்டு மூலைதான் முதலில் எழும்பும். அது தெரிந்தவுடன் கொண்டுபோனால் பட்டர் பேப்பர் வைத்து மறுபடி அழுத்தித் தருவார்கள், அழுக்கு உள்ளே போய்விட்டால் ஒட்டாது.

சனி, ஞாயிறு மாலைகளில் டோர்னமென்ட் டீம்களின் மொத்த ஆர்டர்கள் குவிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒற்றைச் சட்டையோடு போனால் நட்சத்திரத்தை எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. வார நாளில் காலையில் போங்கள்; அடிப்பதற்கு முன் எண்ணையும் பெயரையும் சட்டைமேல் வைத்துக் காட்டச் சொல்லி, சரி என்ற பிறகே பிரஸ்ஸை இறக்க விடுங்கள்.