தைப்பட்டத்துக்குக் கவரில் கத்திரி விதை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கொள்ளிடப் படுகையில் இந்தத் தைப்பட்டத்துக்கு வாங்கிய கத்திரி விதை ஏமாற்றிவிட்டது. "நாட்டு விதை" என்று சொல்லி, தர விவரம் எழுதிய அட்டையில்லாத கவரில் கொடுத்தார்கள். நாற்றங்காலில் பெரும்பகுதி எழும்பவேயில்லை. கேட்டால், "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்க" என்று பதில். மீந்த விதையில் நூறு எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்ததில், 14ஆம் நாள்வரை முளைத்தது 17. கத்திரிக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச முளைப்பு 70 சதவீதம்.

கவரைக் கொட்டிப் பார்த்தால் இரண்டு விதமான விதை. ஒன்று வெளுத்து, சப்பையாக, தண்ணீரில் மிதக்கிறது. சந்தையில் விலை போகாத காயை அறுத்து எடுத்த விதை அது. கறிக்கு ஆகும் பருவத்தில் கத்திரி விதைக்குள் பருப்பு பிடித்திருக்காது. விதைக்கு விட்ட காய் பூத்து 50 நாளாவது செடியில் நின்று, தோல் முழுக்க மஞ்சளாக மாறவேண்டும். பறித்த பிறகும் ஒரு வாரம் நிழலில் வைத்தால் காயிலிருந்து விதைக்குச் சத்து இறங்கும். பிஞ்சை எத்தனை நாள் வைத்தாலும் அது நடக்காது.

மற்றது திரண்ட விதைதான், ஆனால் மங்கிக் கறுத்திருந்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் துணி மூட்டையில் கிடந்த பழைய விதை அப்படித்தான் ஆகும். டெல்டாவின் மழைக்கால ஈரத்தை விதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உயிர்ச்சத்து அதற்குள்ளேயே செலவழிந்துவிடும். மிதக்கவிட்டுப் பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, முளைக்கவைத்துத்தான் பார்க்கவேண்டும்.

சொந்தமாக விதை எடுப்பவர்கள் நிழலில் உலர்த்தி, பிறகு காலை வெயிலில் மட்டும் காயவையுங்கள். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் ஈர விதையைப் பரப்பினால் முளை வெந்துவிடும். சாதாரணப் பைக்கு ஈரப்பதம் 8 சதவீதம் போதும். காற்றுப் புகாத டப்பாவில் அடைக்க 6க்குள் இறங்கியிருக்கவேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததை மூடி வைப்பது துணியில் கட்டி வைப்பதைவிட மோசம், உள்ளேயே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கடையில் வாங்கினால் நீல அட்டையோ (சான்று பெற்ற விதை) இளம்பச்சை அட்டையோ (விற்கும் நிறுவனமே தரத்துக்கு உறுதி சொல்லும் விதை) இருக்கிறதா, அதில் பரிசோதனைத் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சோதித்த நாளிலிருந்து 9 மாதம்தான் கெடு. ரசீதையும் கவரையும் ஒரு பிடி விதையையும் அறுவடைவரை பத்திரமாக வையுங்கள். இவை கையில் இல்லாமல் விதை ஆய்வாளரிடம் போனால் புகார் நிற்காது.