நிக்கான் ஆக்குலான் 10×50: நம் ஊர் வானத்துக்குச் சரிப்படுமா?

வானம் பார்க்க முதல் கருவி என்று ஒன்று வாங்குவதானால், நிக்கான் ஆக்குலான் ஏ211 வரிசையின் 10×50 பைனாகுலரை வாங்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க வேண்டியவர்களும், ஈரமான அறையில் அலமாரிக்குள் போட்டு வைப்பவர்களும் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது முன்லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 50ஐ 10ஆல் வகுத்தால் 5. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் தடிமன் அந்த 5 மி.மீ. ஐம்பதைத் தொடும் வயதில் பலருக்கு இருட்டிலும் கண்மணி அதற்கு மேல் விரியாது. அதனால் 7×50 தரும் 7 மி.மீ. கற்றையில் பாதி வீணாகும். சென்னை, கோவை போன்ற ஊர்களில் தெருவிளக்கின் பழுப்பு வெளிச்சத்தைக் கொஞ்சம் அடக்கிக் காட்டுவதிலும் 10 மடங்குக்கே ஆதாயம்.

பார்வைப் புலம் 6.5 பாகை. முழுநிலவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதின்மூன்று நிற்கும். தை மாதம் முன்னிரவில் கார்த்திகைக் கொத்து முழுதாக உள்ளே அடங்கும். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிவது பல பத்தாகப் பெருகும். ரோகிணியும் அதைச் சுற்றிய ‘வி’ வடிவமும் ஒரே பார்வையில் வந்துவிடும். திருவாதிரைக்குத் தெற்கே, ஓரியன் என்ற வேட்டைக்கார உருவத்தின் மூன்று நட்சத்திர இடுப்புப் பட்டைக்குக் கீழே தொங்கும் வாளில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் சாம்பல் புகையாகத் தெரியும். படங்களில் வரும் சிவப்பை இதில் தேடாதீர்கள்.

இவையெல்லாம் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே இருப்பவை. அங்கே டிரைபாட் உதவாது, கழுத்துதான் ஒடியும். மொட்டை மாடியில் சாய்வு நாற்காலி போட்டு, முழங்கையை அதன் கையில் ஊன்றிப் பாருங்கள். 900 கிராம் எடை கையில் ஐந்து நிமிடம்தான் நிற்கும். பிறகு நட்சத்திரமெல்லாம் புழுவாக நெளியும். குறை கருவியில் இல்லை, கையில்தான்.

டிரைபாட் தன் விலைக்கு நியாயம் செய்வது சித்திரை, வைகாசியில். தெற்கே தாழ்வாக ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து வரும். டெல்லிவாசிகளுக்கு அது அடிவானப் புழுதியோடு புழுதி. சென்னையில் சுமார் 30 பாகை உயரத்தில், கன்னியாகுமரியில் இன்னும் ஐந்து பாகை கூடுதலாக நிற்கிறது. கண்டுபிடிப்பது எளிது: மே முதல் பாதியில் இரவு பத்து, பதினொன்று வாக்கில் சித்திரை நட்சத்திரம் தெற்கில் உச்சிக்கு வரும். கையை நீட்டி, முஷ்டி மடக்கி, அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். நிலவளவுக்கு மங்கலான பஞ்சு உருண்டை ஒன்று சிக்கும். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கோளக் கொத்து அது. இன்னும் கீழே, சற்று மேற்கே தென்சிலுவை.

இதில் இரண்டு சிக்கல். சித்ரா பௌர்ணமி நிலவு சித்திரை நட்சத்திரத்தின் அருகிலேயே வந்து உட்காரும். அந்த வாரத்தை விட்டு அமாவாசையை ஒட்டிப் போங்கள். இன்னொன்று கோடைப் புழுக்கம். தென் அடிவானம் பால் கலந்த மாதிரி இருக்கும். கோடை மழை ஒன்று கொட்டித் தூசியைக் கழுவிவிட்ட மறுநாள் இரவுதான் சரியான நேரம்.

ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகம் கோவைப் பக்கம் வானத்தை மூடிவிடும், செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய தென்காசியிலும் அதே கதை. சென்னைப் பக்கம் சாயங்காலம் இடி இடித்துவிட்டு நள்ளிரவில் வெளுப்பதுண்டு. கேட்டை, மூலத்துக்குக் கிழக்கே பால்வீதியை மெல்லத் துழாவ அந்த இரண்டு மணி நேரம் போதும். தொலைநோக்கியைத் தூக்கி வந்து பூட்டி முடிப்பதற்குள் மேகம் திரும்பிவிடும். பைனாகுலர் ஜெயிப்பது இங்கேதான். வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரிலேயே நல்ல இரவுகள் ஜனவரியிலிருந்து மே வரைதான் அதிகம்.

கிளம்புமுன் வானிலைத் துறையின் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் இரவில் வரும் அகச்சிவப்புப் படத்தில் தாழ்மேகம் சரியாகத் தெரியாது, அதன் வெப்பநிலை தரையை ஒட்டியே இருப்பதால். ராடார் மழையைக் காட்டும். மழை தராத மேகத்தை நம்பும்படி காட்டாது.

இனி குறைகள். நிலவின் விளிம்பில் மெல்லிய ஊதாக் கோடு தெரியும். பார்வைப் புலத்தின் ஓரத்தில் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் சிறகு முளைத்த மாதிரி இருக்கும். இந்த ரகத்தில் இரண்டும் எதிர்பார்க்க வேண்டியவையே. கண்ணுக்கும் கண்லென்ஸுக்கும் இடையே கிடைக்கும் தூரம் 11.8 மி.மீ.தான், மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் ஓரம் வெட்டுப்படும். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். சிலிண்டர் பவர் அதிகமுள்ளவர்களுக்கு அது முடியாது. டிரைபாடில் பூட்டும் ‘எல்’ வடிவத் துண்டைத் தனியாக வாங்க வேண்டும். கீலின் முன்பக்க மூடியைத் திருகி எடுத்தால் அதற்கான மரை இருக்கும். வியாழனின் நான்கு நிலவுகள் அப்படிப் பூட்டினால்தான் ஒழுங்காகத் தெரியும். சனி வளையம் எப்படியும் தெரியாது.

பெரிய குறை, இது நீர்புகா வகை இல்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே போனால் லென்ஸில் பூஞ்சை சிலந்திவலை பின்னும். உறைப்பையில் வைக்காதீர்கள், தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பாவில் நூறு கிராம் சிலிக்கா ஜெல் போட்டு வைத்து, நிறம் மாறினால் வறுத்துக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்க்கும். மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு எடுங்கள். வியர்த்த லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும். சூரியன் பக்கம் ஒரு நொடிகூடத் திருப்பக் கூடாது.

பொருள் கைக்கு வந்ததும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை. வலது முன்லென்ஸை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் குவியுங்கள். பிறகு இடதை மூடி, வலக்கண்ணுக்கு வலது கண்லென்ஸின் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இரண்டையும் திறந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கோபுர விளக்கைப் பார்த்தபடி தலையை ஒரு சாண் பின்னுக்கு இழுங்கள். இரண்டு வட்டத்திலும் விளக்கு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் உள்ளே முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது, பத்து நிமிடத்தில் தலைவலி வரும். திருகாணியை நோண்டாமல் மாற்றிக் கேளுங்கள்.