டாக் மாற்றியும் போகாத சில்வண்டு

மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஸ்பீக்கரில் சில்வண்டு கத்தும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேலை கூடினால் அதுவும் சுருதி ஏற்றும். மதர்போர்டின் ஆடியோதான் காரணம் என்று முடிவு கட்டி, நான்கு வருடங்களுக்கு முன் தனியாக ஒரு டாக் (DAC, டிஜிட்டல் ஒலியை ஆடியோ சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கினேன். யூஎஸ்பியில் செருகிப் பாட்டைப் போட்டால், சில்வண்டு அப்படியே இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிப் உள்ளதை வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, வாங்கவில்லை. ஹெட்போனை டாக்கிலேயே செருகிக் கேட்டபோது துளி இரைச்சல் இல்லை. டாக்கிலிருந்து ஆம்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) ஆடியோ கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளை மாட்டிய நொடியில் வந்துவிட்டது. அப்போதுதான் புரிந்தது: கம்ப்யூட்டருக்கும் எர்த் உண்டு, ஆம்புக்கும் எர்த் உண்டு; நடுவில் யூஎஸ்பி கேபிளின் கிரவுண்ட் கம்பி இன்னொரு பாதை போட்டுக் கொடுக்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின் குப்பை அந்த வழியாக ஆர்சிஏ கேபிளின் ஷீல்டில் (வெளிச்சுற்றுக் கம்பியில்) ஏறி ஆம்புக்குள் நுழைகிறது. கிரவுண்ட் லூப் என்பது இதுதான். டாக் பாவம், அது என்ன செய்யும்?

மதர்போர்டின் பின்பக்கம் ஆப்டிகல் அவுட் (ஒலியை வெளிச்சமாக அனுப்பும் துளை) ஒன்று சும்மா கிடந்தது. கேபிள் வாங்கி மாட்டினேன், சத்தமே இல்லை. அரைமணி நேரம் செட்டிங்ஸைப் புரட்டிய பிறகு பார்த்தால், முனையில் இருந்த குட்டிப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே செருகியிருக்கிறேன்! கழற்றியதும் முனையில் சிவப்பு வெளிச்சம். சில்வண்டு அன்றோடு போனது. வெளிச்சத்தில் மின்சாரம் ஏறி வராது அல்லவா? ஒன்று மட்டும்: டாக்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலிருந்தே பவர் எடுத்தால் பழைய பாதை திரும்பத் திறந்துகொள்ளும்.

ஆப்டிகலில் குறைகள் இல்லாமல் இல்லை. சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து வைக்கிறார்கள் என்ற கணக்கு) 96 கிலோஹெர்ட்ஸ் வரை பிரச்சினை இல்லை; 192 எல்லாக் கருவியிலும் நிலையாக ஓடாது. கேபிளை மடக்கக் கூடாது. ஒலியை எந்த வேகத்தில் வெளிவிடுவது என்று சொல்லும் கடிகாரத் துடிப்பையும் வரும் சிக்னலிலிருந்தே டாக் மீட்டெடுக்க வேண்டும். அசிங்க்ரனஸ் யூஎஸ்பியில் டாக் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும், அதனால் காகிதத்தில் அதுதான் மேல். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். இரைச்சலை விட்டால் என் காதுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி சிடியிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கோப்புகள். அதற்கு ஆப்டிகல் தாராளம். கோஆக்சியல் என்ற இன்னொரு டிஜிட்டல் இணைப்பும் செம்புக் கம்பிதான், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

விண்டோஸில் இன்னொன்று. சவுண்ட் செட்டிங்ஸில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால் 44.1 பாட்டையும் அதற்கு மாற்றித்தான் அனுப்பும். நான் 44.1 என்றே வைத்துவிட்டேன். மாற்றியதில் எதுவும் கேட்கவில்லை, மனசுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

நான்கு வருடத்தில் எரிச்சல் தருவது ஒன்றே: சிக்னல் இல்லாவிட்டால் டாக் தூங்கிவிடும், எழுந்திருக்கும்போது பாட்டின் முதல் அரை நொடியை விழுங்கிவிடும்.

லேப்டாப்பில் ஆப்டிகல் கிடையாது, யூஎஸ்பிதான். பேட்டரியில் ஓடும்வரை அமைதி. சார்ஜரைச் செருகினால் சில்வண்டு வந்துவிடுகிறது. அதனால் பாட்டுக் கேட்கும் நேரத்தில் பிடுங்கி வைத்துவிடுகிறேன்.